ஒரு விரற்கடை ஒயர்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் சொல்வதில்லை. வெட்டக்கா என்றால்தான் தெரியும். பழுதான சாமானுக்குப் பணம் திருப்பித் தரும் பிரிவில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தில் அவள் சொல்லி வெட்டுப்பட்ட ஒயர்களை முடிச்சுப் போட்டால் ஊரை இரண்டு சுற்றுச் சுற்றலாம் என்று பக்கத்து மேஜைக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஒரே நாற்காலியில் ஏழு வருஷம் உட்கார்ந்தவளுக்கு எதிலாவது பெருமை வேண்டாமா?

விஷயம் இதுதான். அந்தக் கம்பெனி இணையத்தில் ஏலம் நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் பழைய சாமானைப் படம் எடுத்துப் போடலாம், யார் வேண்டுமானாலும் விலை கேட்கலாம். நேரம் முடியும்போது எவர் கேட்ட விலை மேலே நிற்கிறதோ அவருக்குச் சாமான். வந்து சேர்ந்தது ஓடவில்லை என்றால் வாங்கியவர் புகார் போடுவார். சின்னச் சாமானாக இருந்தால் திருப்பி வரவழைத்துப் பார்ப்பார்கள். கனமானதையும் நோயாளி தொட்டதையும் கிடங்கில் ஏற்ற மாட்டார்கள். அதற்குத்தான் வெட்டு. கரண்ட் ஒயரை வெட்டி, இரண்டு துண்டும் தெரிகிற மாதிரி, பக்கத்தில் புகார் எண்ணை எழுதி வைத்துப் படம் அனுப்ப வேண்டும். அனுப்பினால் பணம். காசையும் வாங்கிக்கொண்டு சாமானையும் ஓட்டுகிற கெட்டிக்காரர்களுக்குப் போட்ட பூட்டு அது.

கெட்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒயரை நடுவில் வெட்டிப் படம் அனுப்பிவிட்டு மறுநாளே முறுக்கி ஒட்டிக்கொண்டார்கள். அதைக் கண்டுபிடித்தவள் வெட்டக்காதான். 'மெஷினோடு ஒட்ட வெட்டச் சொல்ல வேண்டும், ஒரு விரற்கடைக்கு மேல் மிச்சம் இருக்கக் கூடாது, அப்புறம் எந்தக் கொம்பனாலும் ஒட்ட முடியாது' என்று எழுதிக் கொடுத்தாள். மேலிடம் அதை விதியாக்கியது. அவளுக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் அந்தப் பட்டப்பெயரும் கிடைத்தன.

அன்று காலை பதினொன்று இருபதுக்கு அவளுடைய திரையில் ஒரு ஆக்சிஜன் மெஷின் வந்து நின்றது. அறைக் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற மெஷின். ஏலத்தில் எடுத்தவள் ஒரு தையல்காரி. படத்தில் மெஷினின் நெற்றியில் மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. 'மஞ்ச லைட் அணையவே மாட்டேங்குது. தம்பிக்கு வேணும். சீக்கிரம் காசு திருப்பிக் குடுத்தா வேற வாங்கிக்குவேன்' என்று எழுதியிருந்தாள்.

ஒரு புகாருக்கு ஆறு நிமிஷம் கணக்கு. தாண்டினால் திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி விழும். அந்த மாதம் வெட்டக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு புள்ளி. ஆனாலும் புள்ளிக்குப் பயந்து அவள் அதைச் செய்தாள் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். தம்பி என்ற வார்த்தையைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. விற்றவரிடம் கேட்டால் இரண்டு நாள் இழுக்கும். மருத்துவச் சாமானுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: எச்சரிக்கை விளக்கு படத்தில் தெளிவாகத் தெரிந்தால் விற்றவரைக் கேட்காமலே முடிவு சொல்லலாம். விற்றவர் எழுதியிருந்த விவரத்தில் மேலே மூன்று வரியைப் படித்தாள். 'பழையது, நன்றாக ஓடும்' என்று இருந்தது. எல்லாரும் எழுதுவதுதான். நாலாவது நிமிஷத்தில், வெட்டிப் படம் அனுப்பினால் பணம் உடனே விடுவிக்கப்படும் என்ற கடிதம் தையல்காரிக்குப் போய்விட்டது. நல்லது செய்த திருப்தியோடு வெட்டக்கா அடுத்த புகாருக்குப் போனாள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. விற்றவர் போனில் வந்தார். ஆஸ்பத்திரிச் சாமான்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக். வந்த வேகத்திலேயே குரல் எகிறியது.

"என் கணக்குலேர்ந்து காசைப் பிடிச்சுட்டீங்களே, எந்த ஊர் நியாயம் மேடம் இது? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சார், படத்துல மஞ்சள் லைட் தெளிவா எரியுது."

"எரியும்! எரியணும்! எத்தனை நிமிஷம் ஓட விட்டாங்க?"

வெட்டக்கா புகாரைத் திறந்து பார்த்தாள். தையல்காரி இரண்டு படம் அனுப்பியிருந்தாள். பெட்டியைப் பிரித்த படத்துக்கும் மஞ்சள் விளக்குப் படத்துக்கும் எட்டு நிமிஷம்தான் இடைவெளி.

"மூணு நாள் பெட்டியில கிடந்து வந்த மெஷின் மேடம். உள்ளே காத்தைப் பிரிக்கிற மருந்து சூடாகி, ஆக்சிஜன் சரியான அளவுக்கு வரணும்னா அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் மஞ்சள். அப்புறம் பச்சை. நான் எழுதியே போட்டிருக்கேனே, படிக்கிறதுக்கு என்ன கேடு?"

அவள் விவரப் பக்கத்தைக் கீழே தள்ளினாள். பதினாலாவது வரி. 'முதல் தடவை போட்டால் அரை மணி நேரம் மஞ்சளாகத்தான் எரியும், பயப்பட வேண்டாம்.' மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு மேலே மூன்று வரியோடு நிறுத்திக்கொண்ட கண்ணில்.

மெக்கானிக்கைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் தையல்காரியின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். எடுக்கவில்லை. 'வெட்ட வேண்டாம், தயவுசெய்து வெட்ட வேண்டாம்' என்று கடிதம் தட்டினாள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். 'வெட்ட' என்ற வார்த்தையை மூன்று தடவை தப்பாக அடித்துத் திருத்தினாள். அனுப்பு என்பதை அழுத்திய அதே நேரத்தில் திரையில் ஒரு படம் வந்து விழுந்தது.

கறுப்பு ஒயர், இரண்டு துண்டு. வெட்டு ஒரு பிசிறில்லாமல் இருந்தது. தையல்காரியின் கத்திரி அல்லவா, ஒரே கடியில் வேலை முடிந்திருந்தது. புகார் எண்ணைத் துணியில் சாக்குக்கட்டியால் எழுதி, அழகாக மடித்து வைத்திருந்தாள். மெஷின் பக்கம் மிச்சம் இருந்த ஒயர் சரியாக ஒரு விரற்கடை. சொன்ன சொல் தட்டாத வாடிக்கையாளர்.

உடனே போனும் வந்தது. தையல்காரியேதான்.

"மேடம், நீங்க கூப்பிட்டப்போ வெட்டிட்டு இருந்தேன், எடுக்க முடியல. படம் வந்துச்சா? காசு எப்ப வரும்? உடனேன்னு போட்டிருக்கு."

உடனே விடுவிக்கப்படும் என்றால், கம்பெனி தன் கையிலிருந்து உடனே விடும். பேங்க் வழியாக அவள் கைக்குப் போய்ச் சேர ஐந்து வேலை நாள். இந்த வித்தியாசத்தை அந்தக் கடிதத்தில் யாரும் எழுதவில்லை.

"உங்க தம்பி இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டாள் வெட்டக்கா. கேள்விக்குப் பதில் கேள்வி. அவளுக்கே கூசியது.

"கல்லு அறுக்கிற பட்டறையில வேலை பார்த்தான் மேடம். தூசி போய் நுரையீரல் கெட்டுப் போச்சு. நேத்துதான் ஆஸ்பத்திரியில படுக்கை இல்லைன்னு வீட்டுக்கு அனுப்பினாங்க. ஆக்சிஜன் குடுத்துட்டே இருக்கணும். இப்ப சிலிண்டர்ல ஓடுது. முள்ளு சிவப்புக்கிட்ட வந்துடுச்சு. இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் தாங்குமாம். சிலிண்டர் கடையில நாளைக்குத்தான் வரும்ங்கிறான். பெரிய கடையில மெஷின் இருக்கு, ஆனா போய் வரவே ரெண்டு மணி நேரம் ஆகும். அதான் பக்கத்து வீட்டு அண்ணனை இப்பவே அனுப்பலாம்னு, காசு வந்தா..."

"ஆம்புலன்ஸ் சொன்னீங்களா?"

"சொன்னேன். முன்னாடி மூணு பேர் இருக்காங்களாம். ரெண்டு மணி நேரம் ஆகும்னாங்க."

ஒண்ணேகாலுக்கும் இரண்டுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அந்த முக்கால் மணி நேரத்துக்கு அந்தத் தம்பி எதை மூச்சாக இழுப்பான்? நல்லா ஓடுகிற மெஷின் அவனுக்கு ஒரு கை தூரத்தில் இருக்கிறது. அதை ஓடாமல் செய்தது இவள்.

தையல்காரியை லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு எழுந்து சூப்பர்வைசரின் மேஜைக்கு ஓடினாள். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். முழுதும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"வெட்டின ஒயரை ஒட்டச் சொல்லி நம்ம வாயால சொல்லக் கூடாதும்மா. ஷாக் அடிச்சா? தீப்பிடிச்சா? ஆக்சிஜன் வேற. நாளைக்கு யார் கோர்ட்டுல போய் நிக்கிறது? விற்றவர் நம்பரை வாங்கினவருக்குக் குடுக்கிறதும் கூடாது, உனக்கே தெரியும். ஆம்புலன்ஸுக்கு மறுபடி போன் பண்ணச் சொல்லு. நாமளும் ஒரு பக்கம் பண்ணலாம்."

"நீங்க ஆம்புலன்ஸுக்குப் பண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி ஓடி வந்தாள்.

மெக்கானிக் இன்னும் காத்திருப்பில் திட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் நாலே வரியில் சொன்னாள்.

"காசு கிடக்கட்டும் மேடம். அந்தப் பொண்ணை லைன்ல குடுங்க."

"இங்க அப்படிச் சேர்க்க முடியாது சார். சிஸ்டம் விடாது."

"அப்போ?"

வெட்டக்கா பக்கத்து மேஜையைப் பார்த்தாள். அந்தப் பெண் அன்று லீவு. அவளுடைய ஹெட்செட் ஆணியில் தொங்கியது. அந்த மேஜைக்குத் தையல்காரியின் அழைப்பை மாற்றினாள். பிறகு இரண்டு ஹெட்செட்டையும் மேஜை மேல் எதிரும் புதிருமாக வைத்து, இதன் காது அதன் வாயிலும் அதன் காது இதன் வாயிலும் படுகிற மாதிரி சேர்த்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை. விதி விதியாகவே இருந்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் கத்திப் பேசுங்க!" என்றாள். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"தங்கச்சி, நான் மெஷினை வித்தவன். மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றதை மட்டும் செய். பதறாதே. முதல்ல ப்ளக் சுவத்துல மாட்டி இருக்கா?"

"கழட்டித்தான் வெட்டினேன் அண்ணா."

"புத்திசாலி. மெஷின் பக்கம் ஒயர் எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"ஒரு விரற்கடை."

"என்னது? இழுத்துப் பார்த்து சொல்லு."

"ஒரு விரற்கடைதான் அண்ணா. அப்படித்தான் வெட்டச் சொன்னாங்க."

"எந்த மடப்பய இப்படி ஒட்ட வெட்டச் சொன்னது?" என்று மெக்கானிக் வெடித்தார். "இதுல எதைச் சீவி எதை முறுக்கறது? பல்லால கடிக்கக்கூட இடம் இல்லை!"

வெட்டக்கா இரண்டு ஹெட்செட்டையும் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். எந்தக் கொம்பனாலும் ஒட்ட முடியாது என்று எழுதியது அவள் கைதான். சொன்னபடியே ஆகிவிட்டது.

மெக்கானிக் பெருமூச்சு விடுவது கேட்டது. "சரி. பின்பக்க மூடியைத் திற. நாலு ஸ்க்ரூ. ஸ்க்ரூட்ரைவர் இருக்கா?"

"தையல் மெஷினுக்கு வெச்சிருக்கேன்."

"போதும். திற. நான் எந்த மெஷினைப் பிரிச்சாலும் உள்ளே ஒரு சாண் ஒயரைச் சுருட்டிக் கட்டி வெச்சுட்டுத்தான் மூடுவேன். நாளைக்கு எவனாவது பிரிச்சா அவனுக்கு உதவும்னு ஒரு பழக்கம். வலது மூலையில பாரு."

ஸ்க்ரூ சுற்றும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது நகரவில்லை. தையல்காரி முனகினாள். தூரத்தில் யாரோ இருமினார்கள். இருமி முடிக்க வெகுநேரம் ஆனது. "இருடா, இதோ, இதோ" என்று அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னது வெட்டக்காவின் உள்ளங்கையில் அதிர்ந்தது.

"கழண்டுடுச்சு! இருக்கு அண்ணா, சுருட்டி இருக்கு!"

"இழு. மெதுவா இழு. சுருட்டினதை அவிழ்த்து, வெட்டின முனையை வெளியே நீளமா எடு. இப்ப ரெண்டு பக்கமும் மேல்தோலை உரி. கலருக்குக் கலர் சேரணும். மாறக் கூடாது. பட்டன் தைக்கிற மாதிரி நிதானமா முறுக்கு. ஒவ்வொரு முறுக்கும் ஒவ்வொரு இடத்துல இருக்கட்டும், பக்கத்துப் பக்கத்துல வேணாம். டேப் இருக்கா?"

"மோட்டார் ஒயருக்குச் சுத்தின கறுப்பு டேப் கொஞ்சம் கிடக்கு."

"ஒவ்வொண்ணா தனித்தனியா சுத்து. அப்புறம் மொத்தமா சுத்து. சுத்தின இடம் தரையில, காத்துக் குழாயிலேர்ந்து தள்ளி இருக்கணும். நாளைக்கு நானே வந்து புது ஒயர் போடுறேன், அதுவரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது."

பன்னிரண்டரைக்குப் ப்ளக்கை மாட்டினாள். ஒரு வினாடி ஒன்றும் இல்லை. பிறகு மெஷின் உறுமியது.

"ஓடுது!" என்று தையல்காரி கத்தினாள். உடனே குரல் கம்மியது. "ஆனா மஞ்ச லைட்தான் எரியுது அண்ணா."

"எரியட்டும். இந்தத் தடவை அணைச்சுடாதே."

அரை மணி நேரம் காத்திருப்பது என்றால் என்னவென்று வெட்டக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. திரையின் மூலையில் மூன்றாவது சிவப்புப் புள்ளி விழுந்து, அதற்கு மேல் நாலாவதும் விழுந்தது. சூப்பர்வைசர் வந்து பின்னால் நின்றார். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகுமாம்" என்றார். மேஜையில் கட்டிப்பிடித்துக் கிடந்த இரண்டு ஹெட்செட்டையும் பார்த்தார். "இது எல்லாம் ரெக்கார்ட் ஆகும்மா."

"ஆகட்டும் சார்."

அவர் போவார் என்று நினைத்தாள். அவர் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு பக்க ஹெட்செட்டைத் தானே பிடித்துக்கொண்டார். அவள் கைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

இருபதாவது நிமிஷத்தில் தையல்காரி சொன்னாள்: "சிலிண்டர் முடிஞ்சுடுச்சு." கணக்குக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

"மெஷின் குழாயை மாட்டிவிடு. மஞ்சள்னாலும் பரவாயில்லை, வெறும் காத்துக்கு இது மேல். விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மீட்டர் எவ்வளவு காட்டுது?"

"எண்பத்தொம்பது."

"சொல்லிட்டே இரு."

"எண்பத்தேழு. அண்ணா, உதடு ஒரு மாதிரி இருக்கு. எண்பத்தஞ்சு."

"உட்கார வெச்சு முதுகைத் தாங்கிக்கோ. படுக்க விடாதே."

"எண்பத்துமூணு. டேய், என்னைப் பாரு. என்னைப் பாருடா."

மெஷின் மட்டும் ஓடியது. வெட்டக்காவுக்குத் தெய்வத்திடம் கேட்கக்கூட வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? பக்கத்து மேஜைகளில் வேலை நின்றுபோயிருந்தது. வழக்கமாக அவளைக் கேலி பண்ணுகிற வாய்கள் எல்லாம் மூடிக் கிடந்தன.

"எண்பத்துமூணு... எண்பத்துமூணுலயே நிக்குது..."

அப்புறம் ஒரு சத்தம். தையல்காரி அழுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"பச்சை" என்றாள். "அண்ணா, பச்சை. பச்சை எரியுது. எண்பத்தஞ்சு. எண்பத்தெட்டு வந்துடுச்சு."

மெக்கானிக் என்னவோ சொன்னார், யாருக்கும் புரியவில்லை. அவரும் அழுதிருப்பார் போல. சூப்பர்வைசர் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொண்ணூற்றொன்று வந்ததும் மெக்கானிக், நாளைக் காலையில் வருவதாக இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தார். தன் பணத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "புகாரைத் திருத்தி எழுதும்மா, சரக்குல பழுது இல்லைன்னு. தப்பு நம்ம பக்கம்னு நானும் கீழே எழுதறேன்" என்று சூப்பர்வைசரே சொன்னார்.

வெட்டக்கா பக்கத்து மேஜை ஹெட்செட்டை எடுத்துக் காதில் மாட்டினாள். தையல்காரி இன்னும் இணைப்பில்தான் இருந்தாள். அவள் நன்றி சொல்லிவிடுவாளோ என்று இவளுக்குப் பயமாக இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாள் முந்திக்கொண்டு. "மெஷின்ல பழுது இல்லை. அவர் எழுதினதை நான் முழுசாப் படிக்கல. வெட்டச் சொன்னது நான்தான். ஒரு விரற்கடைன்னு விதி வெச்சதும் நான்தான்."

தையல்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"வெட்டச் சொன்னது நீங்கதான்னு தெரியும்" என்றாள் தையல்காரி. "கடிதத்துல அடியில உங்க சீட் நம்பர் இருந்துச்சு. போன் எடுத்ததும் அதே நம்பர்தான் சொன்னீங்க. விரற்கடை விஷயம் இப்பதான் தெரியுது." "தம்பிக்கு மூச்சு வர்ற வரைக்கும் உங்களை ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். கோபத்துல நீங்க போனை வெச்சுட்டா நான் யாருகிட்ட போவேன்? இப்ப திட்டலாமா?"

"திட்டுங்க" என்றாள் வெட்டக்கா.

தையல்காரி திட்டினாள். படிக்கத் தெரியாதவர்களை எல்லாம் நாற்காலியில் உட்கார வைத்த கம்பெனியில் தொடங்கி, வெட்டு என்றால் வெட்டிவிடுகிற தன் புத்திவரைக்கும் ஒன்றையும் விடவில்லை. உங்க தம்பியா இருந்தா வெட்டுவீங்களா என்று கேட்டாள். அதை மறுபடி கேட்டாள். அழுதுகொண்டே திட்டினாள். திட்டிக்கொண்டே தம்பியின் தலையணையைச் சரி செய்வதும் கேட்டது. வெட்டக்கா ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாது என்று இருந்தது.

நடுவில் மூச்சு வாங்கத் தையல்காரி ஒரு தடவை நிறுத்தினாள். பின்னால் மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் இருக்கு" என்றாள் தையல்காரி.

"சொல்லுங்க" என்றாள் வெட்டக்கா.